உணர்வு நுண்ணறிவும் மன அழுத்தமும்: அறிவது வேறு, ஆள்வது வேறு

மிரியம் பெக்டோல்ட், வனேசா ஷ்னைடர் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் படிக்கும் 166 ஆண் மாணவர்களுக்கு முதலில் ஒரு தேர்வு வைத்தார்கள். முகங்களின் படங்களைக் காட்டி, இந்த முகத்தில் எந்த உணர்ச்சி எவ்வளவு தெரிகிறது என்று கேட்கிற தேர்வு அது. அடுத்து மாணவர்களை நடுவர்கள் முன் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். நடுவர்கள் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக்கு முன்னும் பின்னும் கார்ட்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு உடலில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். பிறர் முகத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது அதிகம் ஏறியிருந்தது. பழைய நிலைக்கு இறங்கவும் அவர்களுக்கே அதிக நேரம் பிடித்தது.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2007இல், பெல்ஜியத்தில் மொய்ரா மிகோலாய்சாக்கும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய இதே சோதனையைச் செய்திருந்தார்கள். அங்கும் பேச்சு, அங்கும் கார்ட்டிசால். ஆனால் முடிவு நேர் எதிர். உணர்வு நுண்ணறிவு மிகுந்தவர்களுக்குக் கார்ட்டிசால் குறைவாக ஏறியது, மனநிலையும் குறைவாகவே கெட்டது.

உணர்வு நுண்ணறிவு மன அழுத்தத்தைத் தாங்க உதவும் என்ற கூற்றை இன்று கேட்காதவர் இல்லை. பள்ளிகளில், ஐடி நிறுவனங்களில், காவலர் பயிற்சிகளில், வார இதழ்களின் தன்னம்பிக்கைப் பக்கங்களில் எல்லாம் அது ஒலிக்கிறது. இரண்டு ஆய்வுக்கூடங்கள் இரண்டு விதமாகப் பேசும்போது அந்தக் கூற்றை எவ்வளவு நம்பலாம்? இந்த இரண்டு முடிவுகளுமே சரியானவை என்பது என் கருத்து. இரண்டிலும் அளக்கப்பட்ட பொருள் வேறு. ஜெர்மன் ஆய்வு பார்த்தது உணர்ச்சியைக் கண்டறியும் திறனை. பெல்ஜிய ஆய்வில் ஒருவர் தம் உணர்ச்சிகளைக் கையாள்வது பற்றித் தாமே எழுதிக்கொடுத்த மதிப்பீடுதான் அளவுகோல். ஒரே பெயருக்குள் பல சரக்குகள் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எது அழுத்தத்தைக் குறைக்கிறது, எது கூட்டுகிறது என்று தெரியும்.

மன அழுத்தம் பற்றிய அறிவியலில் உணர்ச்சி நுழைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வால்டர் கேனன் 1915இல் எழுதிய நூலில், ஆபத்தின் முன் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராவதை விளக்கினார். ஹான்ஸ் செல்யே 1936இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு குறிப்பில், எலிகளின் உடல் எந்த வகைத் தாக்குதலுக்கும் ஒரே விதமாக எதிர்வினை செய்கிறது என்று காட்டினார். இருவரும் பேசியது பெரும்பாலும் உடலைப் பற்றித்தான். ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் எழுதிய நூல்தான் மனத்தின் கணக்கை நடுவே கொண்டுவந்தது. ஒரு நிகழ்வு நமக்குக் கேடா என்று மனம் முதலில் எடைபோடுகிறது. அதைச் சமாளிக்க நம்மிடம் வழி இருக்கிறதா என்று அடுத்து எடைபோடுகிறது. இந்த இரண்டு எடைகளுக்கும் இடையிலான பற்றாக்குறைதான் அழுத்தம். சமாளிப்பதிலும் இரண்டு வகை உண்டு: சிக்கலையே மாற்ற முயல்வது ஒன்று, சிக்கல் எழுப்பும் உணர்ச்சியைத் தணிப்பது மற்றொன்று. இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையின் பாதி வாதம் அதன் மேல்தான் நிற்கிறது.

பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990இல் ஓர் ஆய்விதழில் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார்கள். 1997இல் அதைத் திருத்தி நான்கு திறன்களாக அமைத்தார்கள்: உணர்ச்சியைக் கண்டறிதல், சிந்தனைக்கு அதைத் துணையாக்குதல், அது ஏன் வந்தது எப்படி மாறும் என்று புரிந்துகொள்ளுதல், அதை ஆளுதல். இடையில் 1995இல் இதழாளரும் உளவியலாளருமான டேனியல் கோல்மனின் நூல் வந்து உலகெங்கும் விற்றது. இந்தச் சொல் தெருவுக்கு வந்தது அவரால்தான், அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் விடாமுயற்சி, நம்பிக்கை, தலைமைப் பண்பு என்று நல்ல குணங்கள் பலவும் அந்தப் பெயருக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. எல்லா நற்குணங்களையும் அடைத்த மூட்டையை வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. எட்வின் லாக் போன்றவர்கள் 2005இல் இந்தக் கருத்தாக்கமே செல்லாது என்று எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். லாக் சற்று மிகையாகவே போனார் என்று நினைக்கிறேன். அவர் எழுப்பிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்று துறை இரண்டு முகாம்களாக இருக்கிறது. ஒரு முகாம் இதைத் திறன் என்று கொண்டு, சரி தவறு உள்ள தேர்வால் அளக்கிறது. கே. வி. பெட்ரைட்ஸ் முன்னெடுத்த மற்ற முகாம் இதை ஆளுமைப் பண்பாகக் கொண்டு, வினாத்தாளில் நாமே நமக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது. இரண்டு அளவுகோல்களும் ஒன்றோடொன்று அதிகம் ஒத்துப்போவதில்லை. அலெக்சாண்ட்ரா மார்ட்டின்சும் வேறு இருவரும் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 19,815 பேர். வினாத்தாள் வகை உணர்வு நுண்ணறிவுக்கும் நலத்துக்கும் இடையே உறவு கணிசமாகவே இருந்தது. திறன் தேர்வு வகையில் அது 0.17 என்ற அளவுக்குச் சுருங்கியது. சுழியத்திலிருந்து ஒன்று வரை போகும் அளவுகோலில் 0.17 என்பது மெல்லிய உறவு.

வினாத்தாள் எண் ஏன் பெரிதாக வருகிறது? மனம் தெளிவாக இருக்கும் நாளில் ஒருவர் 'என் உணர்ச்சிகளை என்னால் கையாள முடிகிறது' என்பதற்கும் 'நன்றாகத் தூங்குகிறேன்' என்பதற்கும் சேர்த்தே ஆம் போடுவார். சோர்ந்த நாளில் இரண்டுக்கும் இல்லை போடுவார். காரணமும் விளைவும் ஒரே கையால் ஒரே மனநிலையில் எழுதப்படுகின்றன. ஆகவே உணர்வு நுண்ணறிவு உள்ளவர்களுக்கு அழுத்தம் குறைவு என்று யாராவது ஒரு சதவீதக் கணக்கைச் சொன்னால், எந்த அளவுகோலால் அளந்தீர்கள் என்று கேட்பது நம் உரிமை.

அளவுகோல் சண்டையை இங்கே விட்டுவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இந்தத் துறையின் உறுதியான அறிவு அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. லாஸ் ஏஞ்சலிஸில் மேத்யூ லீபர்மேனின் குழு 2007இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், கோபமோ அச்சமோ தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெயர் சொன்னபோது அமிக்டலா என்ற அபாயமணிப் பகுதியின் துடிப்பு தணிந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்புறம் உள்ள ஒரு பகுதி சுறுசுறுப்பானது. அதே முகத்துக்கு உணர்ச்சிப் பெயருக்குப் பதிலாக ஆண் பெயரையோ பெண் பெயரையோ பொருத்தச் சொன்னபோது இந்தத் தணிவு இல்லை. ஆக, முகத்துக்கு ஏதோ ஒரு பெயரைச் சூட்டினால் போதாது. உணர்ச்சிக்குரிய பெயரைச் சொல்வதே ஒரு கட்டுப்பாடாக வேலை செய்கிறது.

எவ்வளவு நுட்பமாகப் பெயர் வைக்கிறோம் என்பதும் முக்கியம். டாட் கஷ்டன், லிசா ஃபெல்ட்மன் பேரட், பேட்ரிக் மெக்நைட் மூவரும் 2015இல் எழுதிய தொகுப்புக் கட்டுரையின்படி, தம் வேதனையை வகை பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் துயரத்தின்போது குடியிலும் வன்முறையிலும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதிலும் குறைவாகவே இறங்குகிறார்கள். இதைப் படித்தபோது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எனக்கு நினைவு வந்தது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி நிறுத்திவிடாமல், ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் அது வகுக்கிறது. அழுகை நான்கு இடங்களில் பிறக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் கண்ணீர், இழந்ததால் வரும் கண்ணீர், முன்பிருந்த நிலை கெட்டதால் வரும் கண்ணீர், இல்லாமையால் வரும் கண்ணீர் ஆகியவை ஒன்றல்ல. அது செய்யுளுக்கான இலக்கணம்தான், மருத்துவ நூல் அன்று. ஆனாலும் அந்தப் பகுப்பின் கூர்மை இன்றைய ஆய்வுக்குப் பொருந்துகிறது. அவமதிப்பால் அழுகிறவருக்கு வேண்டியது மரியாதை. வறுமையால் அழுகிறவருக்கு வேண்டியது பணம். இருவருக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் இருவருமே ஏமாற்றப்பட்டவர்கள்.

எழுதுவதும் இந்த வகைதான். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்வின் வேதனையான அனுபவத்தையும் அதன் உணர்ச்சியையும் எழுதினார்கள். எழுதிய உடனே மனம் கனத்தது. அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைந்தது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது பயன் உண்டு, ஆனால் அது சிறியது என்று தெரிந்தது. சிறியதானாலும் ஒரு நோட்டும் பேனாவும் தவிர வேறு செலவில்லாத வழி என்பதால் இதை நான் மதிக்கிறேன்.

இரண்டாவது, உணர்ச்சியை ஆளும் முறை. இதில் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் அடிப்படையானவை. முகத்தில் எதுவும் தெரியாமல் அடக்கிக்கொண்டு அருவருப்பான படம் பார்க்கச் சொன்னபோது, பார்த்தவர்களின் அருவருப்பு குறையவில்லை, உடலின் பதற்றம்தான் கூடியது. அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பார்த்ததும் கேட்டதும் நினைவில் சரியாகப் பதிவதில்லை என்று அடுத்த சோதனைகள் காட்டின. அடக்கிக்கொள்ளும் வேலைக்கே மனத்தின் கவனம் செலவாகிவிடுகிறது. இதற்கு மாறாக, நிகழ்வை வேறு கோணத்தில் எடைபோடுகிறவர்களுக்கு, அதாவது மேலாளரின் கடுஞ்சொல்லைத் தன் மீதான வெறுப்பாகக் கொள்ளாமல் அவருடைய அன்றைய நெருக்கடியாகப் பார்க்கிறவர்களுக்கு, உணர்ச்சி முளையிலேயே தணிகிறது. 2003இல் கிராஸும் ஆலிவர் ஜானும் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கோணம் மாற்றிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும் உறவுகள் நெருக்கமாகவும் இருந்தன.

இதோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம். பெயர் வை, கோணத்தை மாற்று, அழுத்தம் போய்விடும் என்று முடித்துவிடுவார்கள். ஆனால் ஆய்வுகள் அங்கே நிற்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் ஜோசப் சியாரோச்சியும் அவருடைய துணைவர்களும் 2002இல் கண்டது ஜெர்மன் முடிவுக்கு முன்னோடி. உணர்ச்சியைக் கூர்மையாகக் கண்டறிகிற மாணவர்களிடம், அழுத்தம் கூடும்போது மனச்சோர்வும் நம்பிக்கையிழப்பும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட அதிகமாகவே தலைதூக்கின. கண்டறியும் கூர்மை ஒரு காப்பு என்று நாம் எண்ணியிருக்க, அது காயத்தின் வாசலாகவும் இருக்கிறது. கூர்மை இல்லாதவர்கள் தம் அழுத்தத்தை அறியாமலே இருக்கிறார்களா, கூர்மையுள்ளவர்கள் உண்மையாகவே அதிகம் பாதிக்கப்படுகிறார்களா என்ற கேள்வியை ஆய்வாளர்களே எழுப்பினார்கள். உடலை நேரடியாக அளந்த ஜெர்மன் ஆய்வு இரண்டாவது விளக்கத்தின் பக்கம் எடை சேர்க்கிறது. வகுப்பில் யார் முகம் வாடினாலும் முதலில் கவனிக்கிற பிள்ளை, வீட்டில் அப்பாவின் செருப்புச் சத்தத்திலேயே அவர் கோபத்தை அறிகிற பிள்ளை, புத்திசாலி என்று பாராட்டப்படுகிறது. அந்தப் பிள்ளைக்குத் தன் மனத்தைத் தணிக்கும் வழியையும் யாராவது சொல்லித்தர வேண்டும். இல்லையென்றால் அந்தக் கூர்மையே அதற்குச் சுமை.

கோணத்தை மாற்றிப் பார்ப்பதற்கும் இதே போல ஒரு மறுபக்கம் உண்டு. இந்தக் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2013இல் ஆலிசன் ட்ராய், அமண்டா ஷால்க்ராஸ், ஐரிஸ் மாஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு. நம்மால் மாற்ற முடியாத அழுத்தத்தின்போது, கோணத்தை மாற்றிப் பார்க்கும் திறன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. நம்மால் மாற்றக்கூடிய அழுத்தத்தின்போது அதே திறன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு அதிகமாக இருந்தது. இழவு வீட்டில் கோணத்தை மாற்றிப் பார்ப்பது மருந்து. சம்பளம் தராத முதலாளியிடம் கோணத்தை மாற்றிப் பார்ப்பது தனக்குத் தானே செய்யும் கேடு. அங்கே கோபம் ஒரு செய்தியைக் கொண்டுவருகிறது. அதைத் தணித்துவிட்டால் செய்தி தொலைந்துபோகிறது.

மனத்தைத் திறந்து பேசிவிட்டால் பாரம் குறையும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. எமிலி பட்லர், டெரெசா லீ, ஜேம்ஸ் கிராஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியை வெளிக்காட்டியபோது ஐரோப்பிய வழி அமெரிக்கப் பெண்களின் ரத்த அழுத்தம் குறைவாகவும், ஆசிய வழிப் பெண்களுக்கு அதற்கு மாறாகவும் இருந்தது. ஷெல்லி டெய்லர், ஹீஜங் கிம் குழுவினர் 2007இல் கண்டதும் இதற்கு அருகில்தான். ஆசிய அமெரிக்கர்களுக்குத் தம் சிக்கலை எடுத்துச் சொல்லி உதவி கேட்பதைவிட, நெருக்கமானவர்களோடு இருப்பதை எண்ணிப் பார்ப்பதே அழுத்தத்தை அதிகம் தணித்தது. இவை தமிழரை வைத்துச் செய்த ஆய்வுகள் அல்ல, அப்படியே நம் மேல் ஏற்றிவிடக் கூடாது. ஆனாலும் நம் வீடுகளில் நடப்பது எனக்குத் தெரியும். வேலை போன மகனிடம் அம்மா எதுவும் கேட்பதில்லை, சூடாக இரண்டு தோசை போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருகிறார். அயல்நாட்டுப் பயிற்சிக் கையேட்டின்படி இது உணர்ச்சியைப் பேசாமல் தவிர்ப்பது. என் கணக்கில் இது உயர்ந்த உணர்வு நுண்ணறிவு. இந்த மௌனத் துணையை அளக்கும் வினாத்தாள் தமிழில் இன்னும் வர வேண்டும்.

இனி வேலையிடம். ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் எழுதிய நூலில் விமானப் பணிப்பெண்களைக் கவனித்து, புன்னகையும் கூலிக்கு விற்கப்படும் உழைப்புதான் என்று காட்டினார். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று நாளெல்லாம் நடிக்கிறவர்கள்தான் அதிகம் தேய்ந்துபோகிறார்கள் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதிசெய்தன. கிராஸ் கண்ட அடக்குதலின் விலைதான் இது, எட்டுப் பத்து மணிநேரம் நீடிக்கும் வடிவில்.

நம் ஊர்த் துணிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். ஐம்பது புடவையைப் பிரித்துப் போட்டபின் 'வேற காட்டுங்க' என்பவரிடமும் முகம் கோணாமல் இருக்க வேண்டும், அதையும் நின்றபடியே செய்ய வேண்டும். கேரளத்தில் கோழிக்கோட்டில் தொடங்கிய கடைப் பெண்களின் பல ஆண்டுப் போராட்டத்தின் பயனாக 2018இல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாடு 2021இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, பணியாளர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? தம் உடல் வலியையும் அவமானத்தையும் கண்டறிந்தார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டார்கள். கோபத்தைக் கூச்சலில் வீணாக்காமல் ஆண்டுக்கணக்கில் ஒரு கோரிக்கையாக நடத்திச் சென்றார்கள். சலோவேயும் மேயரும் சொன்ன நான்கு திறன்களும் அதில் இருக்கின்றன. நிற்பது உடம்புக்கு நல்லது என்று கோணத்தை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு யாராவது பயிற்சி தந்து, அதை அவர்கள் ஏற்றிருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்காது.

நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்தும் பயிற்சிகள் என்ன பலன் தருகின்றன? பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 பணியாளர்களின் தரவை வில்லியம் ஃபிளெமிங் 2024இல் ஆராய்ந்தார். மனவுறுதிப் பயிற்சி, அழுத்த மேலாண்மை வகுப்பு, நலச் செயலிகள் போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இல்லை. தன்னார்வப் பணியில் ஈடுபட வாய்ப்பு பெற்றவர்களிடம்தான் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. அதே நேரம், வேலையில் தன் முடிவுக்கு இடம் இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்பதை மைக்கேல் மார்மட் வழிநடத்திய லண்டன் அரசு ஊழியர் ஆய்வுகள் 1990களிலேயே காட்டிவிட்டன.

பயிற்சியே வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறு. இலியோஸ் கொட்ஸுவும் மிகோலாய்சாக் முதலானவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 15 மணிநேரப் பயிற்சியும் அதன் பின் சில வாரங்கள் மின்னஞ்சல் வழித் தொடர்ச்சியும் பெற்ற பெரியவர்களுக்குக் கார்ட்டிசால் குறைந்தது, உறவுகள் மேம்பட்டன. ஓராண்டு கழித்தும் பயன் தங்கியிருந்தது. ஒரு பிற்பகல் பயிலரங்குக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. பள்ளிகளிலும் இப்படித்தான். ஜோசப் டர்லாக் குழு 2011இல் 213 பள்ளித் திட்டங்களைத் தொகுத்து, உணர்வுக் கல்வி பெற்ற மாணவர்களின் நடத்தையும் படிப்பும் உயர்ந்ததைக் காட்டியது. ஆனால் 2022இல் முடிவு வெளியான பிரிட்டனின் பெரிய சோதனையில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தந்த மனநிறை கவனப் பயிற்சி வழக்கமான பாடத்தைவிட எந்த நன்மையும் தரவில்லை. பல பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. பழகாத திறன் நெருக்கடியில் கைகொடுக்காது.

ஆகவே என் முடிவு இது. உணர்வு நுண்ணறிவு அழுத்தத்தைத் தாங்க உதவுகிறது, ஆனால் நிபந்தனையோடு. கண்டறிதலோடு ஆளுதலும் சேர்ந்து வளர வேண்டும். மாற்ற முடியாததில் மனத்தைத் தணிக்கவும், மாற்றக்கூடியதில் மனத்தின் எரிச்சலைச் செயலாக்கவும் அது பயன்பட வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால் அது திறன் குறைவன்று. அதற்கு மருத்துவ உதவி உண்டு. மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம்.

உங்கள் அலுவலகத்தில் மன அழுத்தப் பயிலரங்கு என்று அறிவித்தால் தயங்காமல் போங்கள், கற்றுக்கொள்ள அங்கே நிச்சயம் ஏதாவது இருக்கும். கேள்வி நேரம் வரும்போது இரண்டு கேள்விகளை எழுந்து கேளுங்கள்: இந்தப் பயிற்சி எத்தனை வாரம் தொடரும்? எங்கள் வேலை நேரம், விடுப்பு, ஆள் பற்றாக்குறை பற்றிப் பேச நிர்வாகம் எந்தத் தேதியில் உட்காரும்?